பிள்ளை வளருகிற சேதி

உங்கள் வீட்டுத் தொட்டிலில் ஒரு பிள்ளை கிடக்கிறதா? அப்படியானால் அந்தப் பிள்ளையை இன்னும் கையில் தூக்கிப் பார்க்காத ஒருவர் எங்கோ தூரத்தில் இருப்பார். அவர் கத்தாரில் லொறி ஓட்டுகின்ற வாப்பாவாக இருக்கலாம். புத்தளத்தில் முழங்கால் வலியோடு கட்டிலில் இருக்கின்ற வாப்பும்மாவாக இருக்கலாம். குவைத்தில் யாருடைய பிள்ளையையோ குளிப்பாட்டி உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கின்ற, பெற்ற தாயாகவே கூட இருக்கலாம்.

அவருக்கு நீங்கள் என்ன சேதி அனுப்புகிறீர்கள்? "பிள்ளை சுகம், அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு வரி. அதோடு ஒரு படம். அவ்வளவுதானே?

அவ்வளவு போதாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பிள்ளை வளருவது ஒரு தடவைதான். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து திரும்புகின்றவருக்கு அந்த இரண்டு வருடத்துப் பிள்ளையை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் கையில் மிஞ்சுவது நீங்கள் அனுப்பிய சேதி மட்டும்தான். அந்தச் சேதி வெறும் "சுகம்" என்றால் அவர் கையில் ஒன்றுமே இல்லை.

செட்டிகுளத்துப் பெண்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வவுனியா மாவட்டத்தின் மேற்கே, மன்னார்ப் பக்கமாக இருக்கிற இந்தப் பகுதியில் சூடுவெந்தபுலவு, ஆண்டியாபுளியங்குளம் போன்ற முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. வயலும் குளமும் காடுமான இடம். ஒரு காலத்தில் மதவாச்சியில் இருந்து தலைமன்னார் போகிற ரயில் இந்த வழியாகத்தான் ஓடியது. தபாலும் அதில்தான் வந்தது. 1990ஆம் ஆண்டு யுத்தத்தில் அந்த ரயில் நின்றது. மதவாச்சியில் இருந்து செட்டிகுளம் தாண்டி மடு வீதி வரை அது மறுபடி ஓடியது 2013ஆம் ஆண்டில்தான். 23 வருடங்கள்! ரயில் நின்ற வருடம் தொட்டிலில் கிடந்த பெண்பிள்ளை, அது மறுபடி ஓடியபோது தன் பிள்ளையைத் தொட்டிலில் போட்டிருப்பாள்.

அதே 1990 ஒக்டோபரில்தான் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் சில பகுதிகள் என்று 70,000க்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானவர்கள் புத்தளம் மாவட்டத்து அகதி முகாம்களில் போய் ஒதுங்கினார்கள். கர்ப்பிணிகளும் அந்தக் கூட்டத்தில் நடந்தார்கள். ஓலைக் கொட்டிலில் பிள்ளை பெற்றார்கள். ஒரு குடும்பம் ஒரே நாளில் நாலு திசைக்குப் போனது. உம்மா ஒரு முகாம், ராத்தா இன்னொரு முகாம், மாமி அனுராதபுரத்தில், சாச்சா கொழும்பில். பிள்ளை பிறந்த சேதியை யாரிடம் சொல்வது, எந்த விலாசத்துக்கு எழுதுவது என்பதே பெரிய கேள்வி. முகாமுக்கு விலாசம் ஏது? லொறிச் சாரதியிடமும், சாமான் வாங்கப் போகின்றவரிடமும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவதுதான் பல வீடுகளுக்குக் கிடைத்த வழி. "பெண்பிள்ளை, தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம்" என்று புறப்பட்ட சேதி, மூன்று வாய் மாறிப் போய்ச் சேரும்போது "ஆண்பிள்ளை" ஆகியிருந்தால் யாரைக் குறை சொல்வது?

யுத்தத்தின் கடைசியில், 2009ஆம் ஆண்டில், செட்டிகுளத்தின் பெயர் உலகமெல்லாம் கேட்டது. மெனிக் பாம் முகாம்கள் இங்கேதான் இருந்தன. முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த தமிழ் மக்கள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கம்பிவேலிக்குள் கூடாரங்களில் இருந்தார்கள். ஆரம்பத்தில் கைத்தொலைபேசி வைத்திருக்க அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. கணவன் ஒரு முகாம், மனைவி ஒரு முகாம், காயப்பட்ட பிள்ளை வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரியில் என்று இருந்த குடும்பங்கள் ஏராளம். அந்தக் கூடாரங்களிலும் பிள்ளைகள் பிறந்தன. பிறந்தது தகப்பனுக்குத் தெரிய எத்தனை நாள் எடுத்தது என்பதை அந்தத் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும். கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து போனது 2012 செப்டெம்பரில். மார்க்கம் வேறாக இருக்கலாம். பிள்ளையின் சேதி போய்ச் சேராத வேதனை எல்லா உம்மாவுக்கும் ஒன்றுதான். நம் சனங்களுக்கு 1990இல் நடந்ததை மறக்காத பெண்கள்தான் இதை எல்லாரையும் விட நன்றாக விளங்கிக்கொள்வார்கள்.

25 சொற்களில் ஒரு பிள்ளை

யுத்த காலத்தில் பிரிந்த குடும்பங்களுக்குச் சேதி கொண்டுபோன ஒரு வழி செஞ்சிலுவைக் கடிதம். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் இலங்கையில் 1989 முதல் வேலை செய்தது. கட்டுப்பாட்டுப் பகுதிகளைத் தாண்டியும், தடுப்பில் இருந்தவர்களுக்கும், அவர்கள் மூலம் கடிதங்கள் போயின. அந்தக் கடிதத்தை ஒட்ட முடியாது. திறந்த கடிதம், அதிகாரிகள் வாசித்துப் பார்ப்பார்கள். குடும்ப விஷயம் தவிர வேறொன்றும் எழுதக் கூடாது. யுத்தத்தைப் பற்றி ஒரு சொல் இருந்தாலும் நிறுத்திவிடலாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் இதைவிடக் கடுமை. பகைநாட்டில் அகப்பட்ட உறவினருக்கு எழுத ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 25 சொற்களுக்கு மேல் எழுத இடமில்லை. அப்படியும் சுமார் 2 கோடியே 40 இலட்சம் சேதிகள் போய் வந்தன. எத்தனை தாய்மார் அந்த 25 சொற்களுக்குள் ஒரு பிள்ளையை அடக்கியிருப்பார்கள்!

இன்று உங்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் ஒரு தடவை எழுதிப் பாருங்களேன். நான் எழுதிப் பார்த்தேன். ஏழு மாதப் பெண்பிள்ளையைப் பற்றி, தூரத்தில் இருக்கின்ற வாப்பாவுக்கு:

"பிள்ளைக்கு ஏழு மாதம். நிறை ஏழரைக் கிலோ. இரண்டு பல் முளைத்துவிட்டது. குந்தி இருக்கிறாள். உங்கள் படத்தைக் காட்டினால் சிரிக்கிறாள். உம்மாவின் காய்ச்சல் சுகமாகிவிட்டது. நெல் அறுத்தாயிற்று. கவலை வேண்டாம். உடன் பதில் போடுங்கள்."

எண்ணிப் பாருங்கள், சரியாக 25. இந்தச் சிறு சேதியில் "சுகம்" என்று பொதுவாகச் சொல்லி நழுவ இடமில்லை. நிறை, பல், குந்துவது, சிரிப்பது என்று ஒவ்வொன்றும் கண்ணால் பார்க்கிற விஷயம். தூரத்தில் இருக்கிறவர் இதை வாசித்ததும் பிள்ளை அவர் மனக்கண்ணில் குந்தி இருக்கும். நாளொன்றுக்குப் பத்துப் படம் அனுப்புகிற இந்தக் காலத்தில் நாம் விட்டுவிட்டது இதைத்தான். படத்தில் பிள்ளையின் முகம் தெரியும். பிள்ளை நேற்று என்ன புதிதாகச் செய்தது என்பது தெரியாது.

முன்பு அப்படி இல்லை. 1970களின் இறுதியில் இருந்து வளைகுடாவுக்கு நம் சனங்கள் போகத் தொடங்கிய காலத்தில் கடிதம்தான் எல்லாம். மேலே 786 என்று போட்டு, "பிள்ளையின் வாப்பாவுக்கு" என்று ஆரம்பித்து, ஸலாம் சொல்லி, நலம் அறிய ஆவல் எழுதி, பிறகு பிள்ளைக் கதை மட்டும் இரண்டு பக்கம். பிள்ளையின் கையைக் கடுதாசியில் வைத்துச் சுற்றிப் பேனையால் கீறி அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர்கள் கெசட்டில் பேசி, பிள்ளை அழுவதையும் பதிந்து, லீவு முடிந்து போகின்றவரின் கையில் கொடுத்துவிடுவார்கள். கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீல் என்பவர் வளைகுடாவில் இருக்கின்ற கணவனுக்கு மனைவி எழுதுகிற கடிதத்தையே ஒரு பாட்டாகப் பாடினார். ‘துபாய் கத்துப் பாட்டு’ என்று அது மாப்பிள்ளை முஸ்லிம்களிடையே பெரும் பேர் பெற்றது. பதில் கடிதமும் ஒரு பாட்டாக வந்தது. கடிதம் போய்ச் சேர இரண்டு கிழமை, பதில் வர இரண்டு கிழமை. "பிள்ளை தவழுகிறான்" என்ற சேதிக்கு "மாஷா அல்லாஹ், பார்த்துக்கொள்" என்று பதில் வரும்போது பிள்ளை சுவரைப் பிடித்து எழும்பி நிற்கும். ஆனாலும் அந்தக் கடிதங்கள் தலையணைக்குக் கீழே வருடக் கணக்கில் இருந்தன. கைத்தொலைபேசிப் படத்துக்கு அந்த ஆயுள் இல்லை.

கிளினிக் புத்தகம் பேசட்டும்

என்ன எழுதுவது என்று தெரியவில்லையா? உங்கள் அலுமாரியிலேயே அது இருக்கிறது. இலங்கையில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதாரத் திணைக்களம் ஒரு கிளினிக் புத்தகம் கொடுக்கிறது. மாதா மாதம் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் என்று சொல்கிறவர், பிள்ளையை நிறுத்து அதில் ஒரு புள்ளி வைக்கிறார். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. அந்தக் கோடுதான் உங்கள் பிள்ளையின் கதை.

பலருக்கு அந்தக் கோட்டை வாசிக்கத் தெரியாது. விஷயம் இலேசானது. பச்சைப் பட்டைக்குள் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கோடு மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டையின் நடுவில் இருந்த பிள்ளையின் கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தால், பச்சைக்குள் இருந்தாலும் கவனிக்க வேண்டும். பட்டையின் கீழ்ப்பக்கமாக இருக்கிற பிள்ளை மாதா மாதம் ஒழுங்காக ஏறி வந்தால் பயப்படத் தேவையில்லை.

பிறந்த முதல் சில நாட்களில் பிள்ளையின் நிறை கொஞ்சம் குறையும். இது இயற்கை. இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பிவிடும். ஐந்து மாதமளவில் பிறந்த நிறை இரண்டு மடங்காகும். ஒரு வயதில் மூன்று மடங்கு. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதல் பிறந்த நாளில் ஒன்பது கிலோ அளவில் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது, கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நம் குடும்பத்துப் பிள்ளைகளே மெலிவுதான்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. மூத்தம்மா காலத்தில் இருந்து சொல்லி வருகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் எப்படி வந்தன தெரியுமா? பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை நிறுத்தும் அளந்தும் பார்த்தார்கள். நல்ல பராமரிப்பும் தாய்ப்பாலும் சுத்தமும் கிடைத்த பிள்ளைகள், மஸ்கட்டில் பிறந்தாலும் ஒஸ்லோவில் பிறந்தாலும், ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். ஒரு பிள்ளைக்கும் மறு பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கோடு படுத்துவிட்டால் அதற்குப் பரம்பரையைக் காரணம் சொல்லிச் சும்மா இருக்க முடியாது.

ஆகவே மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாப்பாவுக்கோ, உம்மாவுக்கோ அனுப்புங்கள். கூடவே போட்ட ஊசியையும் சொல்லுங்கள்: பிறந்ததும் ஒன்று, இரண்டு, நாலு, ஆறு மாதங்களில் ஐந்து நோய்க்கான ஊசியும் போலியோ மருந்தும், ஒன்பது மாதத்தில் சின்னமுத்துக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி. ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்தால் அதையும் சொல்லலாம். மறுநாள் காலையில் "விட்டுவிட்டது" என்று சொல்லத் தவறாதீர்கள்! முதல் சேதியை மட்டும் அனுப்பிவிட்டு மறந்துபோகின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? அங்கே ஒரு மனிதர் பகல் முழுக்க வெயிலில் வேலை செய்துகொண்டு அந்தக் காய்ச்சலைச் சுமந்துகொண்டிருப்பார்.

நடப்பதும் குந்துவதும் வேறு கதை. ராத்தாவின் மகன் பத்து மாதத்தில் நடந்தான், இவன் பதின்மூன்று மாதமாகியும் நடக்கவில்லை என்று சொன்னவுடன் துபாயில் இருந்து வாப்பா "டொக்டரிடம் காட்டு" என்று போன் எடுப்பார். பிள்ளை தனியே குந்துவது நாலு மாதத்தில் இருந்து ஒன்பது மாதத்துக்குள் எப்போதும் நடக்கலாம். தனியே நடப்பது எட்டு மாதத்திலும் நடக்கும், பதினேழு மாதம் கழித்தும் நடக்கும். இதுவும் அதே உலக சுகாதார நிறுவன ஆய்வில் கண்டதுதான். ஒப்பிட்டு எழுதாதீர்கள். உங்கள் பிள்ளை போன மாதம் என்ன செய்தான், இந்த மாதம் என்ன செய்கிறான் என்று எழுதுங்கள். பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

மறைக்கிற சேதி

இனி ஒரு கஷ்டமான விஷயம். தூரத்தில் இருக்கிறவர் கவலைப்படுவாரே என்று நாம் பலதை மறைக்கிறோம். பிள்ளை நிறை ஏறவில்லை, மிட்வைஃப் திரிபோஷா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அடிக்கடி வயிற்றோட்டம். ஆனால் போனில் "பிள்ளை நல்லா இருக்கிறான்". அன்பினால்தான் சொல்கிறோம். அதன் விளைவைப் பாருங்கள். பணம் அனுப்புகிறவர் எல்லாம் சரி என்று நினைத்து அந்த மாதக் காசை வீடு கட்டுகிற கணக்கில் போடச் சொல்வார். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோக வாகனக் காசு இல்லாமல் நீங்கள் தவிப்பீர்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. "பிள்ளை மெலிந்துவிட்டான்" என்று மட்டும் சொன்னால், அடுத்த மாதம் ஆள் வரும்போது ஆறு பால்மா டின் வரும்! அன்பு டின்னில் வருகிறது. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. பால்மாவைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக விளம்பரப்படுத்துவதைத் தடுக்க 1981ஆம் ஆண்டில் சர்வதேச விதிக்கோவை வந்தது. இலங்கை 1983இலேயே தனக்கென்று ஒன்றை ஏற்படுத்தியது. இரண்டு வருடம் பால் கொடுப்பது பற்றி நம் மார்க்கம் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் டின் அனுப்பிய மனிதரின் மனம் நோகக் கூடாதே என்று புட்டியைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்குகிறோம். பால் குறைகிறது. புட்டி கழுவுகிற தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் வயிற்றோட்டம் வருகிறது. கோடு இன்னும் படுக்கிறது.

ஆகவே கெட்ட சேதியைச் சொல்லும்போது மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, யாரிடம் காட்டினோம், அவர்கள் என்ன செய்யச் சொன்னார்கள். "இந்த மாதம் நிறை ஏறவில்லை. கிளினிக்கில் காட்டினோம். கஞ்சியில் முட்டையும் தேங்காயெண்ணெயும் சேர்த்து நாளைக்கு மூன்று தரம் கொடுக்கச் சொன்னார்கள். பத்தாம் திகதி மறுபடி நிறுப்பார்கள்." இப்படிச் சொன்னால் தூரத்தில் இருக்கிறவருக்குக் கவலை இருக்கும், கலக்கம் இருக்காது. என்ன அனுப்புவது என்று அவருக்கும் தெரியும். டின்னுக்குப் பதிலாக முட்டைக் காசு வரும்.

கண்ணூறு படும் என்று பயந்து, பிள்ளை கொழுகொழு என்று இருப்பதையே சொல்லாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் படம் காட்ட வேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். முகநூலில் பிள்ளையின் படத்தைப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை; யார் எடுப்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆனால் சொந்த வாப்பும்மாவிடம் மறைப்பது எந்த வகையில் நியாயம்? மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு நல்லதைச் சொல்லுங்கள்.

முதலில் யாருக்குச் சொல்வது என்பதும் சின்ன விஷயமல்ல. முதல் பல் முளைத்த சேதி உம்மும்மாவுக்குக் காலையிலும், வாப்பும்மாவுக்கு மூன்று நாள் கழித்து அயல்வீட்டார் மூலமும் போனால், அந்த மூன்று நாள் மூன்று வருடம் பேசப்படும். குடும்பக் குழுமத்தில் ஒரே நேரத்தில் போடுவது சுலபம்தான். ஆனால் அந்தக் குழுமத்திலேயே, கலியாணம் முடித்து எட்டு வருடமாகியும் பிள்ளை கிடைக்காத ஒரு சாச்சி இருப்பார். நாளொன்றுக்குப் பத்துப் படம் அவருடைய போனிலும் விழுகிறது. அவர் ஒவ்வொன்றுக்கும் "மாஷா அல்லாஹ்" எழுதுகிறார். அவருக்குத் தனியாக ஒரு போன் எடுத்து, பிள்ளையோடு பேசவிட்டு, துஆச் செய்யச் சொல்லுங்கள். குழுமத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

தாய் தூரத்தில் இருந்தால்

எல்லாவற்றிலும் கனமானது இதுதான். வீட்டுப் பணிக்கு வளைகுடா போன தாய், உம்மும்மாவின் கையில் பிள்ளை. 2013ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒரு நடைமுறையைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போவதைத் தடுத்தது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அது தளர்த்தப்பட்டது. சட்டம் இறுகினாலும் இளகினாலும், வறுமை இருக்கிற வீட்டில் யாராவது போகத்தான் வேண்டியிருக்கிறது. அவளைப் பற்றிக் குறை பேச நமக்கு உரிமையில்லை. பிள்ளையை வைத்திருக்கிற உம்மும்மாவுக்கும் மாமிக்கும்தான் இதைச் சொல்கிறேன்.

மூஸா நபியை ஆற்றில் விட்ட தாய், பிள்ளையின் பின்னால் போய்ப் பார்த்துவரும்படி தன் மகளை அனுப்பினார் என்று குர்ஆனில் படிக்கிறோம். அந்தச் சகோதரி கரையோரமாக நடந்து பார்த்து வந்த சேதிதான் தாயின் உயிர். இன்று அந்தச் சகோதரியின் இடத்தில் இருப்பது நீங்கள்.

பிறந்த பிள்ளைக்குத் தாயின் குரல் தெரியும். 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாளுக்குட்பட்ட பிள்ளைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலையே கேட்க விரும்புகின்றன என்று காட்டினார்கள். ஆகவே தாய் பேசும்போது பிள்ளையின் காதருகே போனை வையுங்கள். அவள் அங்கிருந்து தாலாட்டுச் சொல்லட்டும். பதிந்து வைத்து, பிள்ளை தூங்குகிற நேரம் போடுங்கள்.

சின்னப் பிள்ளைக்குத் திரை காட்டக் கூடாது என்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016ஆம் ஆண்டில் பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம் என்று சொன்னபோது, ஒன்றை மட்டும் விலக்கி வைத்தது: முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ அழைப்பு. அதில் மறுபக்கத்தில் இருக்கிறவர் பிள்ளையின் சிரிப்புக்குச் சிரிக்கிறார், சத்தத்துக்குச் சத்தம் கொடுக்கிறார். கார்ட்டூன் அப்படிச் செய்யாது. அழைப்பு ஐந்து நிமிடம் போதும். பிள்ளை பால் குடித்து, தூங்கி எழும்பிச் சுறுசுறுப்பாக இருக்கிற நேரமாகப் பாருங்கள். "உம்மா பார், உம்மா" என்று போனைக் காட்டி, பிள்ளையின் கையைப் பிடித்து ஸலாம் சொல்ல வைக்க வேண்டும். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் தாய் அங்கே பார்ப்பது முகட்டைத்தான்.

பிள்ளை முதல் தடவை உங்களை "உம்மா" என்று கூப்பிடுகிற நாள் ஒன்று வரும். வளர்க்கிறவரை அப்படிக் கூப்பிடுவது இயல்பு. அதைத் தாயிடம் சொல்வதா? சொல்லுங்கள். அவள் இரண்டு வருடம் கழித்து வந்து வாசலில் நின்று கேட்பதைவிட, உங்கள் வாயால் இன்று கேட்பது மேல். சொல்லும்போது, "படத்தைக் காட்டினால் உன்னையும் உம்மா என்றுதான் சொல்கிறது" என்ற நிலையைப் பிள்ளையிடம் உண்டாக்கியிருக்க வேண்டும். அது உங்கள் பொறுப்பு.

இதுபோலவே வாப்பா லீவில் வருகிற சேதியும். எட்டு, ஒன்பது மாதமளவில் பிள்ளைகள் அறியாத முகத்தைக் கண்டால் அழும். அறிவு வளருவதன் அடையாளம் அது. கட்டுநாயக்காவில் இருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, விளையாட்டுச் சாமான் பையோடு செட்டிகுளத்துக்கு வந்து இறங்குகிற மனிதர் கையை நீட்ட, பிள்ளை வீரிட்டு அழுதால் அவர் மனம் என்ன பாடுபடும்! "இப்போது எல்லாரையும் கண்டு அழுகிற பருவம், பக்கத்து வீட்டு மாமியைக் கண்டும் அழுகிறான்" என்று ஒரு மாதம் முந்தியே சொல்லி வையுங்கள். வந்ததும் பறித்துத் தூக்க வேண்டாம். நீங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருங்கள். அவர் எதிரில் குந்தி உங்களோடு பேசிக்கொண்டிருக்கட்டும். தாடி புதிதாக வைத்திருந்தால், வருவதற்கு முந்திய கிழமையே தாடியோடு வீடியோவில் வரச் சொல்லுங்கள். பிள்ளையாக நகர்ந்து வந்து அவருடைய கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுக்கும். சில பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம், சிலதுக்கு மூன்று நாள்.